மூட்டு மாற்றுக்கு முன்பே நடையைக் கணிப்பது எப்படி?

முழங்கால் மூட்டு மாற்றிய பின் ஒருவர் எப்படி நடப்பார் என்பதை எக்ஸ்ரே மட்டும் சொல்லாது. அறுவைக்கு முன் அவர் நடக்கும் விதமே நல்ல துப்பு.

அதை அளக்க இவை வேண்டும்: சுமார் 46 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி வைத்த நாற்காலி. 3 மீட்டரில் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்காரும்வரை நேரம் பாருங்கள். முதல் முறை ஒத்திகைதான், கணக்கில் சேர்க்காதீர்கள். ஊன்றுகோல் வைத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நாற்காலியோ செருப்போ மாறினால் ஒப்பீடே பொய்த்துவிடும்.

முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்றும் அளந்துவையுங்கள்; இப்போது விறைத்த கால் பிறகும் குறைவாகவே மடங்க வாய்ப்பு அதிகம். மறுகால் வலி, மனச்சோர்வு இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். இவை மீட்சியைத் தாமதப்படுத்தும்.

அறுவைக்குப் பின் முதல் மாத அளவைக் கண்டு கலங்க வேண்டாம்: தொடைத்தசை அப்போதுதான் மிகவும் தளர்ந்திருக்கும். 3, 6, 12 மாத அளவுகளையே நம்புங்கள்.