எல்லையோரச் சுவரில் ஜன்னல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மனை எல்லையை ஒட்டிய சுவரில் இஷ்டத்துக்கு ஜன்னல் வைக்க முடியாது. தீப்பிடித்தால் தீநாக்கு தொட வேண்டும் என்றில்லை, ஜன்னல் வழியே பாயும் கதிர்வெப்பமே அடுத்த கட்டடத்தைப் பற்றவைத்துவிடும். அதனால்தான் எல்லை நெருங்க நெருங்க ஜன்னல், கதவு போன்ற திறப்புகளின் வரம்பு இறுகுகிறது. ஒன்றிரண்டு குடும்ப வீடுகளுக்கும் டவுன்ஹவுஸ்களுக்கும் ஐஆர்சி என்ற கட்டட விதித்தொகுப்பு, மற்றவற்றுக்கு ஐபிசி என்ற தொகுப்பு. ஊருக்கு ஊர் திருத்தங்கள் உண்டு, உள்ளூர்ப் பதிப்பை முதலில் பாருங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, பக்கத்து வீடு வரை அளப்பது. நம் சுவரின் வெளிமுகத்திலிருந்து மனை எல்லை வரை செங்குத்தாக அளக்க வேண்டும். பக்கத்து வீடு 14 அடி தள்ளியிருந்தாலும் எல்லை 4 அடியில் என்றால் கணக்கு 4 அடிதான். நாளைக்கு அவரும் எல்லை ஓரம்வரை கட்டலாம், நாம் தடுக்க முடியாது. தெருப் பக்கம் மட்டும் தெருவின் நடுக்கோடு வரை அளக்கலாம். வேலியை எல்லை என்று நம்பாதீர்கள், சர்வே செய்து கொள்ளுங்கள்.

அடுத்தது, 5 அடி விளிம்பில் சறுக்குவது. ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) இல்லாத வீட்டில் 3 அடிக்குள் திறப்பே கூடாது. 3 அடியிலிருந்து 5 அடிக்குள் சுவர்ப் பரப்பில் 25% வரை, 5 அடியிலிருந்து வரம்பில்லை. பிளானில் மரச்சட்டத்தின் முகம் சரியாக 5 அடியில் இருக்கும். மேலே ஃபோமும் (வெப்பத்தடுப்புப் பலகை) சைடிங்கும் (வெளிப்பலகை) ஏறியதும் 4 அடி 10 அங்குலம் ஆகிவிடும். அதோடு 25% வரம்பு வந்துவிடும், சுவரும் ஒரு மணி நேரத் தீத்தாங்கு சுவராக இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே 3 அங்குலமாவது கூடுதலாக விடுங்கள்.

ஐபிசியில் வரும் பெரிய கட்டடங்களில் தவறு கணக்கில் நடக்கிறது. சதவீதத்தை மாடி வாரியாகத்தான் பார்க்க வேண்டும்; கீழ்த்தளத்தில் மிச்சமானதை மேல்தளத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஸ்பிரிங்க்ளர் இல்லாத ஒரு கட்டடம், எல்லை 8 அடியில், ஒரு மாடியின் சுவர் 400 சதுர அடி என்று வைப்போம். சாதாரண ஜன்னலுக்கு 10%, அதாவது 40 சதுர அடி. தீத்தாங்கு ஜன்னலுக்கு 25%, அதாவது 100. சாதாரணம் 24, தீத்தாங்கு 50, மொத்தம் 74தானே என்று விட்டால் பிளான் திரும்பி வரும். இரண்டு வகையும் கலந்தால், ஒவ்வொன்றும் தன் வரம்பில் எடுத்துக்கொண்ட பங்கைக் கூட்ட வேண்டும்: 24/40 உடன் 50/100 கூட்டினால் 1.1, விடை 1ஐத் தாண்டக் கூடாது. தீத்தாங்கு ஜன்னலை 40 சதுர அடியாகக் குறைத்தால் சரியாக 1.

ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது என்று அட்டவணையின் சலுகை வரிசையைப் படிப்பவர்கள் ஸ்பிரிங்க்ளரின் வகையைக் கவனிப்பதில்லை. ஐபிசி அட்டவணையின் அந்தச் சலுகை என்எஃப்பிஏ 13 என்ற தரத்தின்படி போட்ட ஸ்பிரிங்க்ளர் முறைக்கு மட்டுமே. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மலிவு என்று போடும் 13ஆர் வகை அதில் சேராது.

டெம்பர்ட் கண்ணாடி தீத்தாங்கு கண்ணாடி அல்ல. அது உடைந்தால் பெரிய காயம் ஏற்படும் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். கண்ணாடியும் சட்டமும் சேர்ந்தே சோதிக்கப்பட்டு, நேர அளவு பொறித்த முத்திரையோடு வர வேண்டும். பெயிண்ட் அடிக்கும்போது அந்த முத்திரையை மறைத்தால் இன்ஸ்பெக்டரிடம் காட்ட எதுவும் இருக்காது.