தாம்பரம் தடத்தில் ரயில் இல்லாத நாட்களை ஓட்டுவது எப்படி?

ரயில் ஓடாது என்ற அறிவிப்பு வந்ததும் பலரும் பார்ப்பது தேதியை மட்டும்தான். தேதியை நம்பி வீட்டில் எதையும் முடிவு செய்யாதீர்கள். பறக்கும் ரயிலில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்ட் 27-ல் சேவையை நிறுத்தியபோது ஏழு மாதம் என்றார்கள். மறுபடி வண்டி ஓடியது 2024 அக்டோபர் 29-ல், அதாவது பதினான்கு மாதம் கழித்து. நீண்ட காலப் பணி என்றால் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்குத் தயாராக இருங்கள். சீக்கிரம் முடிந்தால் லாபம்.

அறிவிப்பில் தேட வேண்டியது "பகுதி ரத்து" என்ற சொல்லை. அதற்குப் பக்கத்தில்தான் வண்டி எந்த ஸ்டேஷனோடு திரும்புகிறது என்று இருக்கும். 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலை நடந்தபோது கடற்கரையிலிருந்து வந்த வண்டிகள் பல்லாவரத்தோடு நின்றன. மறுபக்கம் கூடுவாஞ்சேரிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே மட்டும் ஓடின. இடையில் இருந்த இடைவெளியைப் பஸ்தான் நிரப்பியது. யார்டு என்பது பல பாதைகள் வந்து கூடும் இடம். அங்கே பாயிண்டையும் (வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) சிக்னலையும் கழற்றி மாற்றும்போது வண்டிகளைக் கையால் வழிகாட்டித்தான் அனுப்ப முடியும், அதனால் அனுப்பும் எண்ணிக்கையே குறைந்துவிடும். எதிர்காலத்திலும் தாம்பரத்தில் கை வைத்தால் கிட்டத்தட்ட இதே வடிவம்தான் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். வண்டி திரும்பும் ஸ்டேஷனில் இறங்கிப் பஸ் பிடிக்காதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பெட்டி வண்டி. பெட்டிக்கு 100 பேர் என்று குறைத்து வைத்தாலும் 1,200 பேர் ஒரே நேரத்தில் பல்லாவரம் பிளாட்ஃபாரத்தில் இறங்குவார்கள். ஒரு பஸ்ஸில் நெருக்கி அடைத்தால் 70 பேர். அந்த ஒரு வண்டிக் கூட்டத்துக்கே 18 பஸ் வேண்டும். கடைசி பஸ் வருவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். கூடுதல் பஸ் எத்தனை விட்டாலும் இந்தக் கணக்கு தீராது. இந்த பஸ்கள் ஓடும் ஜி.எஸ்.டி. சாலையின் அகலம் அப்படியேதான் இருக்கிறது, அந்தக் கூடுதல் பஸ்களும் அதே குரோம்பேட்டை நெரிசலில்தான் நிற்கும். எனவே கூட்டம் சேரும் இடத்துக்கு முன்போ பின்போ மாறுங்கள்.

மாலையில் வீடு திரும்புகிறவர் இதை இப்படிச் செய்யலாம். கிண்டி வரை மின்சார ரயிலில் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம் போங்கள். சென்ட்ரல் பக்கத்திலிருந்து வருபவர் நேராக மெட்ரோவிலேயே வரலாம். இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் வந்தால், தாம்பரம் நோக்கிப் போகும் பஸ்கள் அந்தப் பக்கம்தான் நிற்கும். பல்லாவரம் கூட்டம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் உள்ளே இருப்பீர்கள். உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்லவில்லை, கம்பியைப் பிடிக்க இடம் கிடைக்கும். வண்டி திரிசூலத்திலும் நிற்கிறதென்றால் மெட்ரோவுக்குச் செலவழிக்கவே வேண்டாம், அங்கேயே இறங்கிவிடுங்கள்.

காலையில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். தாம்பரத்தில் பஸ் ஏறியவர்களில் பாதிப் பேர் ரயில் பிடிக்க பல்லாவரத்தில் இறங்குவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். இன்னும் சில நிமிடத்தில் விமான நிலையம், அங்கே மெட்ரோ. பல்லாவரத்தில் டிக்கெட் வரிசை, படிக்கட்டு, நிரம்பிய பெட்டி எல்லாவற்றையும் தாண்டிவிட்டீர்கள். மெட்ரோ கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை, ரயிலோடு ஒப்பிட்டால் கை சுடும்தான். வாரத்தில் நேரத்துக்குப் போயே தீர வேண்டிய நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 வரை ஓடுகிறது.

பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, கேட்கும்போது அசட்டுத்தனமாகத் தோன்றும்: ஊருக்கு எதிர்ப்பக்கமாகப் போங்கள். பெருங்களத்தூர் ஸ்டாப்பில் வரும் பஸ் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலேயே நிரம்பியிருக்கும், டிரைவர் நிறுத்தாமலே போவார். கிளாம்பாக்கம் வரை பின்னால் போனால் புறப்படும் இடத்திலேயே ஏறி உட்காரலாம். அண்ணா சாலை வழியாகப் பிராட்வே பக்கம் போக 18ஏ, கத்திப்பாரா, வடபழனி வழியாகக் கோயம்பேடு போக 70வி. பின்னால் போன இருபது நிமிடத்தை உட்கார்ந்து போகும் ஒன்றரை மணி நேரம் ஈடுகட்டிவிடும். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கத்துக்காரர்களுக்குக் கிளாம்பாக்கம் வழியில்தான் இருக்கிறது.

சேலையூர், மாடம்பாக்கம், கிழக்குத் தாம்பரத்தில் இருப்பவர்கள் சுரங்கப்பாதை தாண்டி ஜி.எஸ்.டி. பக்கம் வரவே தேவையில்லை. மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரி போகும் பஸ்ஸைப் பிடித்து, வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சேப்பாக்கத்தில் வேலை என்றால் சாதாரண நாளிலேயே இது மோசமான வழி இல்லை. திருவான்மியூர் பக்கம் போவதற்கு 95 இருக்கிறது.

பஸ்ஸில் கவனிக்க வேண்டியவை சில. கூடுதலாக விடும் பஸ்ஸும் மாநகரப் பேருந்துதான், ரயில் சீசன் டிக்கெட்டைக் காட்டினால் கண்டக்டர் ஏற்க மாட்டார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும். அவசரத்தில் டீலக்ஸில் ஏறிவிட்டு வாக்குவாதம் செய்வது தினமும் நடக்கிறது, முகப்பில் பிங்க் நிறம் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். போர்டைப் படித்ததோடு நிற்காமல் "தாம்பரம் போகுமா, கட் சர்வீஸா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நெரிசல் நேரத்தில் பாதியில் திருப்பிவிடப்படும் பஸ்கள் உண்டு. பல்லாவரத்தில் இறங்குகிறவர் மேம்பாலத்தில் ஏறுமா என்றும் கேட்க வேண்டும், ஏறினால் ஸ்டாப் கீழேயே போய்விடும். சில்லறையாக 5, 10 ரூபாய் கையில் இருக்கட்டும். நெரிசலில் போனை எடுத்து ஸ்கேன் செய்வதற்குள் உங்கள் ஸ்டாப் வந்துவிடும். பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் சென்னை பஸ் செயலி உதவும். பாஸ் எடுக்க நினைத்தால் ஏ.சி. அல்லாத எல்லா பஸ்ஸுக்குமான மாதப் பாஸ் 1,000 ரூபாய். இரண்டு வாரப் பணிக்கு அது தண்டம்.

சீசன் டிக்கெட்டைத் தூக்கிப் போடலாமா என்ற கேள்வி வரும். அவசரப்படாதீர்கள். இரண்டாம் வகுப்பு மாத சீசனின் விலை ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணத்துக்குச் சமம். போக வர என்று பார்த்தால் எட்டு நாள் பயணித்தாலே காசு வந்துவிட்டது. மாதத்தில் பாதி நாள் ரயில் இருந்தாலும் சீசன் நஷ்டமில்லை. மூன்று மாத சீசன் மட்டும் வேண்டாம், பணி நீண்டால் மாட்டிக்கொள்வீர்கள். தினசரி டிக்கெட் எடுப்பவர்கள் வண்டி உண்மையில் ஓடும் இரண்டு ஸ்டேஷன்களுக்கு மட்டும் எடுங்கள். பழக்க தோஷத்தில் மொபைலில் தாம்பரம் என்று தட்டி எடுத்த காகிதமில்லா டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது.

ஊருக்குப் போக தாம்பரத்தில் எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்கள், அந்த வண்டி அங்கே நிற்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லையென்றால், வண்டி செங்கல்பட்டில் நிற்குமானால் ஏறும் இடத்தை அங்கே ஐ.ஆர்.சி.டி.சி.யில் மாற்றிவிடலாம்.

பணி முடிந்து வண்டி ஓடத் தொடங்கிய முதல் நாளே பழைய 8.10 வண்டியை நம்பிக் கிளம்பாதீர்கள். புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் ஜல்லி இறுகும் வரை வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள், பணி நடந்த பகுதியில் வண்டி ஊர்ந்து போகும். நேர அட்டவணையும் சில நிமிடம் முன்பின்னாக மாறியிருக்கலாம். ஒரு வாரம் வரை, வழக்கமான வண்டிக்கு முன்னால் வரும் வண்டியைப் பிடியுங்கள்.