புரோநோட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து இல்லையா? சிவில் கோர்ட்டில் நிரூபிக்கும் முறை

நீங்கள் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லும் புரோநோட்டை (கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் உறுதிச் சீட்டு) வைத்து ஒருவர் உங்கள் மேல் வழக்குப் போட்டிருந்தால், அவருடைய வழக்குரையோடு (வாதியின் மனு) வரும் ஜெராக்ஸை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பேனா அழுத்தம், கோட்டின் நடுக்கம், பேனாவை எடுத்து மறுபடி வைத்த இடம் எதுவும் நகலில் தெரியாது. வழக்கறிஞருடன் போய் மூலப் புரோநோட்டைப் பார்வையிடுங்கள்.

படி 1: மறுப்பு

சம்மன் கிடைத்த 30 நாளுக்குள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை, எதிர்வழக்குரை (வழக்குரைக்கு உங்கள் எழுத்துப் பதில்) தாக்கல் செய்யலாம். "வழக்குரையில் உள்ளதெல்லாம் பொய்" என்ற பொத்தாம்பொதுவான வரி செல்லாது. "இன்ன தேதியிட்ட புரோநோட்டில் நான் கையெழுத்திடவில்லை" என்றே எழுத வேண்டும். பலர் சறுக்குவது அடுத்த பத்தியில்: "வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தைப் பயன்படுத்திவிட்டார்" என்றும் சேர்த்துவிடுவார்கள். அது கையெழுத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். பிறகு, மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 118-ன்படி பணம் கைமாறியதாகவே நீதிமன்றம் அனுமானிக்கும்; இல்லையென்று காட்டும் சுமை உங்களுடையது. மறுப்பில் உறுதியாக நின்றால், கையெழுத்தை முதலில் நிரூபிக்க வேண்டியவர் வாதி.

படி 2: ஒப்பிடக் கையெழுத்துகள்

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். புரோநோட்டின் தேதியை ஒட்டிய காலத்தில், தகராறு கிளம்பும் முன் நீங்கள் போட்ட மூலக் கையெழுத்துகள் வேண்டும். வக்காலத்திலும் (வழக்கறிஞரை நியமிக்கும் தாள்) எதிர்வழக்குரையிலும் இருப்பவை உதவாது. வழக்கு வந்தபின் வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கலாம் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைப் பலமுறை ஏற்க மறுத்திருக்கிறது.

வங்கியின் மாதிரிக் கையொப்ப அட்டை, பதிவு செய்த பத்திரம், எல்.ஐ.சி. விண்ணப்பம், வேலையிடத்துப் பதிவேடு ஆகியவற்றைத் தேடுங்கள். உங்களிடம் இல்லாதவற்றை சம்மன் மூலம் வரவழைக்கலாம். பணமான காசோலையைக் கேட்பதானால் ஒரு விஷயம்: மூலத்தாள் உங்கள் வங்கியில் இருக்காது, அதை வசூலுக்குப் போட்டவரின் வங்கியில் இருக்கும்.

ஒரே ஆளின் கையெழுத்தும் நாளுக்கு நாள் சற்று மாறும். அந்த இயல்பான மாறுபாட்டின் எல்லை தெரிய ஒன்றிரண்டு போதாது, எட்டுப் பத்தாவது கொடுங்கள். புரோநோட்டில் தமிழ்க் கையெழுத்து இருந்தால் ஒப்பீட்டுக்கும் தமிழ்க் கையெழுத்தே வேண்டும்.

படி 3: நிபுணருக்கு அனுப்ப மனு

உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26 விதி 10ஏ-யின் கீழ், அபிடவிட்டுடன் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) இடைக்கால மனு போடுங்கள். துணைக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 39. 2024 ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்கென்றால் பழைய சாட்சியச் சட்டம் பிரிவு 45. சாட்சி விசாரணை முடியும் தறுவாயில் போட்டால் இழுத்தடிப்பு என்று தள்ளுபடியாகும். தமிழ்நாட்டில் ஆவணங்கள் பொதுவாக மயிலாப்பூரிலுள்ள தடய அறிவியல் துறைக்குப் போகும். அவற்றை மடிக்காதீர்கள், ஓட்டை போடாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். மையின் வயதைக் கண்டுபிடிக்கச் சொல்லி மனு போடுவது பெரும்பாலும் வீண்வேலை. நம்பகமான முறை இல்லையென்று நீதிமன்றங்கள் மறுத்துவருகின்றன.

படி 4: அறிக்கை வந்தபின்

அறிக்கை ஒரு கருத்துதான். நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 72-ன்படி அவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் நிபுணர் உதவியின்றி அப்படி முடிவெடுப்பது ஆபத்து என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. ஆகவே புரோநோட்டின் சாட்சிகளையும் அதை எழுதியவரையும் தனித்தனியே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்: எங்கே எழுதினார்கள், யார் பேனா, ரூபாய் எந்த நோட்டாக எண்ணப்பட்டது, முதலில் கையெழுத்திட்டது யார். "கருத்துக் கூற இயலவில்லை" என்று அறிக்கை வந்தால், போதிய ஒப்பீட்டுக் கையெழுத்து இல்லாததுதான் காரணமா என்று அதிலேயே பாருங்கள். அப்படியானால் கூடுதல் ஆவணங்களுடன் மறுபடி அனுப்பக் கோரலாம்.