கிண்ணத்தைச் சுழற்றும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள்

ஜப்பானின் கியோட்டோ நகரில் சானோயு என்னும் தேநீர்ச் சடங்குக்கு முன்பதிவு செய்தவர்கள், கிண்ணத்தை எந்தப் பக்கம், எத்தனை தடவை சுழற்றுவது என்று யூடியூப் பார்த்து மனப்பாடம் செய்வதுண்டு. அதில் பிசகினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். விருந்தளிப்பவரை நிஜமாகவே சங்கடப்படுத்தும் தவறுகள் வேறு. அவற்றில் பாதி, அறைக்குள் கால் வைக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதலாவது நகை. உங்கள் கைக்கு வரும் கிண்ணம் பல தலைமுறை பழையதாக இருக்கலாம். ராக்கு வகைக் கிண்ணமானால், சக்கரம் இல்லாமல் கையால் வனைந்து குறைந்த சூட்டில் சுட்டது. எளிதில் கீறல் விழும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், குனியும்போது கிண்ணத்தில் இடிக்காதபடி உடைக்குள் விட்டுக்கொண்டால் சரி. சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். கரி அடுப்பில் இடும் நறுமணக் கட்டையின் வாசனையையும் தேநீரின் வாசனையையும் அது அமுக்கிவிடும்.

செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வெறுங்காலோடு நுழைவது இங்கே மரியாதை ஆகாது. தத்தாமிப் பாயில் மிதிக்கும் முன் மாட்டிக்கொள்ள, துவைத்த வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். தாமதமாகவும் போகக்கூடாது. விருந்தினர் வரும் நேரத்துக்குத் தண்ணீர் பதமாக இருக்கும்படி கணக்கிட்டே கரியை மூட்டுகிறார்கள்.

உள்ளே போனதும் நல்ல இடமாகப் பார்த்து முன்னால் உட்காருவதுதான் அடுத்த தவறு. சித்திரச் சுருள் தொங்கும் மாடத்தை, அதாவது தொக்கோனோமாவை ஒட்டிய இடம் தலைமை விருந்தினருக்கு உரியது. எல்லோர் சார்பிலும் விருந்தளிப்பவரோடு பேச வேண்டியவர் அவர். கடைசி இடத்துக்கும் சில வேலைகள் உண்டு. புதியவர்களுக்கு நடுவிடமே பத்திரம். நடக்கும்போது பாயின் துணிக்கரையை மிதிக்காதீர்கள். மாடத்தின் மேல் பையையோ கையையோ வைக்காதீர்கள்.

பிறகு இனிப்பு வரும். டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விநோதம்: இனிப்பை முழுக்கத் தின்று முடித்த பிறகுதான் தேநீர். மாட்சா என்பது இலையை வடிகட்டிய சாறு அல்ல, இலைப் பொடியையே நீரில் அடித்துக் கலக்கிக் குடிப்பது. அந்தக் கசப்புக்கு நாக்கைத் தயார் செய்வதே இனிப்பின் வேலை. பாலோ சர்க்கரையோ கேட்காதீர்கள். இனிப்பு முழுவதையும் சாப்பிட முடியாவிட்டால் தட்டில் மிச்சம் வைக்காமல், கைஷி என்னும் மடிப்புத் தாளில் பொதிந்து எடுத்துக்கொள்ளலாம்.

கிண்ணம் வந்ததும் அடுத்திருப்பவரிடம் தலை தாழ்த்தி ‘ஒசாகினி’ என்று சொல்ல வேண்டும். ‘உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன், மன்னிக்கவும்’ என்று பொருள். கிண்ணத்தின் அழகான முகம் உங்களைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருக்கும். அதில் வாய் வைக்காமல் இருக்கத்தான் அந்தச் சுழற்றல். ஆற வைத்தால் பொடி அடியில் தங்கிவிடும், ஆகவே மூன்று நான்கு மடக்கில் முடியுங்கள். கடைசி மடக்கைச் சத்தத்தோடு உறிஞ்சலாம். குடித்து முடித்தேன் என்பதற்கு அதுவே அடையாளம். அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை ஹோட்டல் அறையிலேயே விட்டுவிடுங்கள்.

நம்மவர்களைத் திகைக்க வைப்பது கொய்ச்சா எனப்படும் கெட்டித் தேநீர். மரபுப்படி ஒரே கிண்ணம் பலர் வாய்க்கும் போகும். எச்சில் பார்ப்பவர்கள் அதை முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. கிண்ணம் கைக்கு வந்த பிறகு மறுத்தால் வரிசையே நின்றுபோகும். சுற்றுலாப் பயணிகளுக்கான பெரும்பாலான நிகழ்ச்சிகளில் ஆளுக்கொரு கிண்ணமாக மெல்லிய தேநீர்தான் தருகிறார்கள்.

குடித்த பின் கிண்ணத்தைப் பார்த்து ரசிக்கலாம், ரசிக்கவும் வேண்டும். ஆனால் உயரத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். முழங்கையைத் தொடைமேல் ஊன்றி, பாய்க்கு அருகிலேயே பிடித்துத் திருப்பிப் பாருங்கள். தேநீர் கலக்கும்போது கைபேசியை நீட்டுவது கூடாது. படம் வேண்டுமானால் எப்போது எடுக்கலாம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கால். சம்மணம் போட்டுப் பழகியவர்களுக்கும் முழந்தாளிட்டுக் குதிகால்மேல் உட்காரும் செய்ஸா கடினமே. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதுதான் மரியாதை என்று நினைக்க வேண்டாம். 1872-இல் கியோட்டோ கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டாருக்காக, உராசென்கே என்னும் தேநீர்ச் சடங்கு மரபின் 11-ஆம் தலைவர் கென்கென்சாய் மேசை நாற்காலியில் தேநீர் வழங்கும் முறையையே வகுத்தார். முட்டிவலிக்காரர்கள் கூச்சப்படாமல் நாற்காலி கேட்கலாம். பாயில்தான் உட்கார்ந்தீர்கள், கால் மரத்துவிட்டது என்றால் சட்டென்று எழாதீர்கள். கால்விரல்களை மடக்கி ஊன்றி, இரத்தம் ஓடும்வரை அப்படியே இருங்கள். பக்கத்தில் கொதிக்கும் கெட்டில் இருக்கிறது.