தே தாரிக் மேசையில் சைக்கிள் பந்தயம்: இடைவெளியைப் பார்த்து ஆட்டத்தைக் கணிக்கும் முறை

கடையில் கூட்டமாக உட்கார்ந்து சைக்கிள் பந்தயம் பார்க்கும்போது எல்லார் கண்ணும் முன்னால் தப்பி ஓடும் நாலைந்து பேர் மேலேயே இருக்கும். கேமராவும் அவர்களைத்தான் காட்டும். ஆனால் ஆட்டம் நடப்பது பின்னால். மற்ற வீரர்கள் எல்லாம் சேர்ந்து வரும் பெருங்கூட்டத்தின் முகப்பில் எந்த அணி காற்றை வாங்கி இழுக்கிறது, எத்தனை பேரைப் போட்டு இழுக்கிறது, ஓடியவர்களுக்கும் கூட்டத்துக்கும் உள்ள நேர இடைவெளி எந்த வேகத்தில் குறைகிறது என்ற மூன்றையும் கவனித்தால் கடைசி மணி நேரத்தில் நடக்கப்போவதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் நேரக் கணக்கு. ஜூலையில் பிரான்ஸ் நேரத்துக்கும் மலேசியாவில் நமக்கும் 6 மணி நேர வித்தியாசம். டூர் டி பிரான்ஸ் கட்டம் ஒன்று, அதாவது ஒரு நாள் ஓட்டம், பெரும்பாலும் இரவு 7 மணி சுமாருக்குத் தொடங்கி 11, 11.30க்கு முடியும். மே மாதம் இத்தாலியில் நடக்கும் ஜிரோ பந்தயத்துக்கும் இதே 6 மணி நேரம்தான். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நடக்கும் மிலான்-சான் ரெமோ போன்ற பந்தயங்களுக்கு மட்டும் 7 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூட்டும் நேரம்) எழுந்திருக்க வேண்டியவர்கள் முழுக் கட்டத்துக்கும் விழித்திருக்கத் தேவையில்லை. சமவெளிக் கட்டம் என்றால் கடைசி 40 கிலோமீட்டர் போதும், அது 50 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். மலைக் கட்டத்தில் கடைசிக்கு முந்தைய ஏற்றத்தின் அடிவாரத்திலிருந்து பாருங்கள். அதற்குப் பிந்தினால் பாதிக் கதை போய்விடும்.

படம் வருவதில்தான் பத்தாங் காலி போன்ற தோட்டப் பட்டணங்களில் சிக்கல். அந்திமழை பலமாகப் பெய்தால் வீட்டு டிஷ் படத்தை நிறுத்திவிடும், ஆகவே கைப்பேசி இணையம் கூடவே தயாராக இருக்கட்டும். உயர்தரப் படத்துக்கு மணிக்கு 2 முதல் 3 ஜிபி வரை டேட்டா போகும், 480பி தரத்துக்கு இறக்கினால் 1 ஜிபிக்குள் அடங்கும். கைப்பேசியை எச்டிஎம்ஐ கம்பியில் கடை டிவியோடு இணைக்க நினைப்பவர்கள், டைப்-சி துளை வழியாகப் படத்தை வெளியே அனுப்பும் வசதி அந்தக் கைப்பேசியில் உண்டா என்று முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த பல கைப்பேசிகளில் துளை இருக்கும், அந்த வசதி இருக்காது. அடாப்டர் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்குவது வீண் செலவு. இணையப் படம் நேரடி ஒளிபரப்பைவிட அரை நிமிடம் வரை பிந்தி வரலாம், அதனால் கடைசி 5 கிலோமீட்டரில் வாட்ஸ்அப் குழுவை மூடிவையுங்கள். ஐரோப்பாவில் பலத்த மழை பெய்து படம் அறுந்தால் உங்கள் இணைப்பைக் குறை சொல்ல வேண்டாம். மோட்டார் கேமராவின் அலைவரிசை விமானம், ஹெலிகாப்டர் வழியாக வருகிறது, அவை பறக்க முடியாவிட்டால் எல்லாருக்கும் படம் நின்றுவிடும்.

இனி கணிப்பு. ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஐந்து பெட்டிகள் போடுங்கள்: மீதித் தூரம், இடைவெளி, முன்னால் எத்தனை பேர், யார் இழுக்கிறார், காற்று எந்தப் பக்கம். 60, 40, 20, 10 கிலோமீட்டர் மீதமிருக்கும்போது மட்டும் நிரப்பினால் போதும். பழைய கணக்கு ஒன்று உண்டு. பெருங்கூட்டம் முழு மூச்சில் துரத்தினால் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிட இடைவெளியைக் குறைக்கும். 30 கிலோமீட்டர் இருக்கையில் இடைவெளி 3 நிமிடம் என்றால் இரண்டு பக்கமும் சமம். 2 நிமிடம்தான் என்றால் ஓடியவர்கள் அநேகமாக மாட்டிக்கொள்வார்கள்.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பி வாய்விட்டால் தோற்பீர்கள், குறையும் வேகத்தையும் பார்க்க வேண்டும். 60 கிலோமீட்டர் மீதமிருக்கையில் 4 நிமிடம், 40-இல் 3 நிமிடம் 10 விநாடி என்று நோட்டில் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அந்த 20 கிலோமீட்டரில் 50 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு 2.5 விநாடி குறைந்திருக்கிறது. மீதி 190 விநாடியை 40 கிலோமீட்டரில் பிடிக்கக் கிலோமீட்டருக்கு 4.75 விநாடி தேவை. பின்னால் இழுப்பவர் தொகை இரட்டிக்கிறதா என்பதே இப்போது கேள்வி. ஒரே அணியின் ஒரே ஆள் இழுத்துக்கொண்டிருந்தால் இடைவெளி நிற்கும், குறையாது. ஸ்பிரிண்டர் (கோட்டுக்கு அருகில் பாய்ந்து வெல்பவர்) வைத்திருக்கும் இரண்டாவது அணி ஆள் அனுப்பிய நிமிடத்திலிருந்து எண் சரியத் தொடங்கும்.

சமவெளியில் முன்னவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். முன்னால் நாலு பேர் முறை மாற்றி இழுத்தால் ஒவ்வொருவரும் கால்வாசி நேரம் காற்றை வாங்க வேண்டும். பின்னால் 100 பேர் சும்மா உட்கார்ந்து வருகிறார்கள். கூட்டம் வெல்வதற்குக் காரணம் இதுதான். இது பிசகும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓடிய குழுவில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் பல அணிகளுக்கு முன்னால் ஆள் இருக்கும், அந்த அணிகள் துரத்தாது. வளைவு நிறைந்த ஊர்ச் சாலையும் மழையும் சிறு குழுவுக்கே சாதகம். மலேசியாவில் நடக்கும் லங்காவி பந்தயத்தில் இன்னொரு விஷயம் சேரும். டூர் டி பிரான்ஸில் அணிக்கு 8 பேர், இங்கே 6 பேர். ஸ்பிரிண்டரையும் அவரைக் கடைசியில் கொண்டுபோய் விடும் ஆளையும் ஒதுக்கிவிட்டால் துரத்த மிஞ்சுவது நால்வர்தான். அப்படியிருந்தும் சமவெளிக் கட்டங்கள் ஸ்பிரிண்டில் முடிவதே இங்கே வழக்கம். இத்தாலியரான அந்திரேயா குவார்தினி இந்தப் பந்தயத்தில் 24 கட்டங்களை வென்றது அப்படித்தான். 2010-இல் அனுவார் மானான் இதில் கட்டம் வென்ற முதல் மலேசியரானதும் ஸ்பிரிண்டராகத்தான்.

பக்கக் காற்று வீசும் நாளில் நோட்டை மூடிவிட்டுத் திரையை விடாமல் பாருங்கள். சாலையோரக் கொடிகள் குறுக்கே பறந்து, ஒரு பலமான அணி எட்டுப் பேரோடும் முன்னால் வந்து நின்றால் ஏதோ நடக்கப்போகிறது. காற்றுக்கு மறைவு பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் கிடைப்பதால் வீரர்கள் சாய்கோடாக நிற்பார்கள். சாலை அகலம் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இடம் தரும். மற்றவர்கள் ஓரத்தில் மறைவின்றித் தவித்து அறுந்துபோவார்கள். 2013 ஜூலை 12 அன்று டூர் டி பிரான்ஸின் சமவெளிக் கட்டத்தில் ஸ்பெயின் வீரர் கொன்டடோரின் அணி இப்படித்தான் கூட்டத்தை உடைத்தது. மொத்த நேரத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையிலிருந்த ஃபுரூம் 1 நிமிடம் 9 விநாடி இழந்தார்.

மலையில் வேகம் குறைவதால் மறைவின் பயனும் குறையும். அங்கே எண்ண வேண்டியது தலைவரோடு எத்தனை துணை வீரர்கள் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதை. 2022 டூரில் கலிபியே ஏற்றத்தில் ஒரே அணியின் ரோக்லிச்சும் விங்கெகோரும் மாறி மாறித் தாக்க, மஞ்சள் சட்டையிலிருந்த பொகாச்சார் ஒவ்வொரு முறையும் தானே எழுந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அவர் பலமாகவே தெரிந்தார். அதற்குக் கொடுத்த விலை அதே நாள் கடைசியில் கிரானோன் ஏற்றத்தில் தெரிந்தது, அங்கே அவர் விங்கெகோரிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். ஆகவே ஒரு தாக்குதல் பலிக்கவில்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

லங்காவி பந்தயம் பக்கத்தில் வரும் ஆண்டு சாலையோரம் போய்ப் பார்ப்பதானால் ஏற்றத்தில் நில்லுங்கள். சமவெளியில் மணிக்கு 50 கிலோமீட்டரில் முழுக்கூட்டமும் சில விநாடியில் கடந்துவிடும், கெந்திங் போன்ற ஏற்றத்தில் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கலாம். அட்டவணை நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், பிறகு சாலை மூடப்படும். தோட்டத்து நாய்களைக் கட்டிவையுங்கள், பிள்ளைகளைச் சாலையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். 2021 டூர் முதல் கட்டத்தில் கேமராவைப் பார்த்தபடி ஒருவர் நீட்டிய அட்டையில் டோனி மார்ட்டின் மோதி, பெருங்கூட்டமே சரிந்தது. இடைவெளியை நீங்களே அளக்கலாம்: முதல் ஆள் ஒரு தூணைக் கடக்கும்போது கைப்பேசியின் ஸ்டாப்வாட்சைத் தட்டி, பெருங்கூட்டத்தின் முதல் ஆள் அதே தூணைக் கடக்கும்போது நிறுத்துங்கள். சிவப்புக் கொடி கட்டிய கார் வந்தால் பந்தயம் வருகிறது, பச்சைக் கொடி கார் போன பிறகுதான் சாலையைக் கடக்கலாம். நடுவில் அமைதியாக இருக்கிறதே என்று இறங்காதீர்கள், பின்தங்கியவர்களும் அணிக் கார்களும் இன்னும் வந்துகொண்டிருப்பார்கள்.

வீரர்கள் கோட்டைத் தாண்டியதும், கணிப்பில் தோற்று எல்லாருக்கும் தே தாரிக் யார் வாங்குவது என்று முடிவு கட்ட வேண்டாம். முதல் மூவருக்கு மொத்த நேரத்திலிருந்து 10, 6, 4 விநாடி போனஸ் கழியும். சமவெளிக் கட்டத்தில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தவருக்கு, விழும்போது இருந்த கூட்டத்தின் நேரமே தரப்படும். சில கட்டங்களில் அந்த எல்லையை 5 கிலோமீட்டர் வரை நீட்டுவார்கள். அதிகாரப்பூர்வப் பட்டியல் வரும்வரை கணக்கைத் திறந்தே வையுங்கள்.