எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடினீர்கள்?

படிக்கிற நாவலைப் பற்றிக் குறிப்பு எழுதிவைக்க முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். பெரிய விலையெல்லாம் வேண்டாம், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற கோடு போட்ட நோட்டே போதும். காதல் நாவலும் மாயாஜால நாவலும் படிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய பேர் இருக்கிறோம், கைப்பேசியில் தொடராகப் படிப்பவர்கள், கிண்டிலில் படிப்பவர்கள், இன்னமும் மாத நாவலை அட்டை கிழியக் கிழியக் கை மாற்றிக்கொள்பவர்கள் என்று. ஆனால் முடித்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று யாராவது கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இடைநிலைப் பள்ளியில் படிவம் ஐந்து படிக்கிற பெண் ஒருத்தி போன மாதம் வந்து, "அக்கா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அழுதுகிட்டே படிச்சேன், காலையில எழுத உட்கார்ந்தா கதைதான் வருது, நான் அழுதது வரமாட்டேங்குது" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். அது பின்னட்டையிலேயே இருக்கிறது. 1999-இல் நான் எழுதிய முதல் நோட்டு முழுக்க கதைச் சுருக்கம்தான், நாயகி பெயர், நாயகனுக்கு எத்தனை கம்பெனி, எந்த அத்தியாயத்தில் கல்யாணம் என்று எல்லாம் இருக்கிறது, படித்த பதினேழு வயதுப் பெண்ணை மட்டும் தேட வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "இந்த இடத்தை நாலு தடவை படித்தேன்" என்று கிறுக்கியிருக்கிறேன். இன்று அந்த நோட்டில் எனக்கு உதவுவது அந்த ஒரு வரிதான்.

அதனால் நாவலை முடிக்கும் வரை காத்திருக்காமல், படிக்கும்போதே உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். புத்தகத்தை மூடி மடியில் வைத்தீர்களா, ஒரு வரியைத் திரும்பப் படித்தீர்களா, இரண்டு பக்கத்தைத் தாண்டிப் போனீர்களா, பயத்தில் கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்த்தீர்களா? அந்த இடத்தில் ஒரு மளிகைக்கடை ரசீதைச் செருகி, அதன் பின்னால் மூன்று நான்கு வார்த்தை எழுதினால் போதும். "மூடிவிட்டேன், கோபம்." "சிரிப்பு, அத்தை ஞாபகம்." கைப்பேசியில் தொடராகப் படிப்பவர்கள் எபி (எபிசோட்) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கிண்டிலில் அந்த வரியைத் தேய்த்தால் குறிப்பு எழுத இடம் வரும். அந்த நேரத்தில் காரணம் தேட வேண்டாம், தேடினால் கதையை விட்டு வெளியே வந்துவிடுவீர்கள்.

எங்கே, எந்த நேரத்தில் படித்தீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். இதை நான் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அம்மா கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டியவர். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் வரத்து குறைந்துவிடும், அதனால் நாலு மணிக்கே எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மத்தியானம் பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, சோறு ஆக்கி இறக்கிய பிறகு ஒரு மணி நேரம் மாத நாவல் படிப்பார். அந்த ஒரு மணி நேரம் நானோ அப்பாவோ கூப்பிட்டால் பதில் வராது. சின்ன வயதில் எனக்கு அது கோபமாகக்கூட இருந்தது. பிறகு ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் ஊரைச் சேர்ந்த காதல் நாவல் வாசகிகளிடம் பேசி 1984-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டில் எல்லாரையும் கவனித்துக்கொள்ளும் அந்தப் பெண்கள், புத்தகத்தைக் கையில் எடுக்கும் நேரம் தங்களுக்கே தங்களுக்கான நேரம் என்று சொன்னார்களாம். எங்கேயோ இருக்கிற பெண்கள், அப்படியே எங்கள் அம்மா. ஆகவே ஒரு சாதாரணக் கதை உங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டால், அது கதையால் வந்ததா, மழை கொட்டிய ஒரு மத்தியானத்தில் யாரும் கூப்பிடாமல் கிடைத்த இரண்டு மணி நேரத்தால் வந்ததா என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். இரண்டும் என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

சரி, காதல் நாவலுக்கு வருவோம், சிக்கலே இங்கேதான். ஆன்டி ஹீரோ கதை படிக்காதவர்கள் நம்மில் குறைவு. பழிவாங்குவதற்காகத் தாலி கட்டுவான், மணிக்கட்டைப் பிடித்து இழுப்பான், முப்பது எபி அவளை அழ வைத்துவிட்டு முப்பத்தொன்றில் மன்னிப்புக் கேட்பான். நான் அந்த முதல் நோட்டில் நாலு தடவை படித்ததாகக் குறித்த இடமும் அப்படி ஒரு கட்டாயக் கல்யாணக் காட்சிதான். முப்பத்து நாலு வயதில் அதே புத்தகத்தை மறுபடி எடுத்தபோது அதே பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன், தொடர முடியவில்லை. இப்படி நடந்தால் பழைய குறிப்பை அடித்துவிடத் தோன்றும். அடிக்காதீர்கள், கீழே புதுத் தேதி போட்டு இன்றைய குறிப்பை எழுதுங்கள். பதினேழு வயதில் பிடித்தது பொய் இல்லை.

பிறகு அந்தப் பிடித்தலை இன்னும் நுணுக்கிப் பாருங்கள். எனக்கு அந்தக் காட்சியில் என்ன பிடித்தது? இழுத்தது பிடித்ததா? வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். அவன் அவளை இழுத்துக்கொண்டு போன பிறகு, "காலையிலேருந்து சாப்பிடலைதானே" என்று கேட்கிற மாதிரி ஒரு இடம் வருகிறது, நான் நின்றது அங்கே. ஒருத்தி சாப்பிட்டாளா இல்லையா என்று ஒருவன் கவனித்திருக்கிறான். வேலை, பிள்ளை, சமையல் என்று ஓடுகிற பெண்கள் இருந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, அந்தக் கவனிப்புதான் தேவைப்பட்டிருக்கிறது, முரட்டுத்தனம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இது தெரிந்த பிறகு, கவனிப்பு இருந்து முரட்டுத்தனம் இல்லாத நாயகர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், நிறையவே இருக்கிறார்கள். நீங்களும் "நாயகனைப் பிடித்தது" என்று நிறுத்தாமல் அவன் செய்த எந்தச் செயல், எந்த வாக்கியம் என்பது வரை போங்கள். நாயகியைப் பிடிக்காமல் போனாலும் அப்படியே. "லூசு மாதிரி நடந்துகொள்கிறாள்" என்று எழுதிவிடுவது எளிது, அவள் இடத்தில் உங்கள் அக்கா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தால் குறிப்பு வேறு மாதிரி வரும்.

கதையில் ரசித்ததை வாழ்க்கையில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எங்கே உங்களுக்கு நெருடியது என்பதைத் தயங்காமல் எழுதுங்கள். முக்கியமாக, அந்தப் படிவம் ஐந்துப் பெண்ணைப் போன்ற சின்னப் பெண்களிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

"முடிவு முன்னாடியே தெரிஞ்சிடுச்சு" என்பதைக் குறையாக எழுதாதீர்கள். அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர்கள் சங்கம் இந்த வகைக்குச் சொல்கிற வரையறையில் இரண்டே விஷயங்கள்: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவாகவும் நம்பிக்கையாகவும் இருக்க வேண்டும். சேரப்போகிறார்கள் என்பது படிக்கிறவருக்குக் கொடுத்த வாக்கு. அந்த மன்னிப்புக்கு அவன் தகுதியானவன் ஆனானா, அவள் மன்னிக்க அவளுக்குக் காரணம் கிடைத்ததா, இல்லை எபி எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று சேர்த்து வைத்தார்களா என்று பாருங்கள், ஏமாற்றம் அனேகமாக அங்கேதான் இருக்கும்.

மாயாஜாலக் கதைக்கு நான் வைத்திருக்கும் கேள்வி வேறு. எந்த இடத்தில் நம்புவதை நிறுத்தினேன்? 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பேசிய உரையில், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் இதைத்தான் சொன்னார். கதை சொல்கிறவர் இரண்டாவது உலகம் ஒன்றை உண்டாக்குகிறார், உள்ளே இருக்கும் வரை அங்கே நடப்பது உண்மை, அவநம்பிக்கை எழுந்த கணத்தில் மந்திரம் கலைந்து நாம் வெளியே நிற்கிறோம் என்று. அந்தக் கணத்தின் பக்க எண்ணைக் குறியுங்கள். டிராகன் பறந்ததற்கு நான் ஒருநாளும் வெளியே வந்ததில்லை. இரண்டு நாள் குதிரைப் பயணத்தை ஒரு ராத்திரியில் முடித்தார்கள் என்றால் வந்துவிடுவேன். கடைசிச் சண்டையில் நாயகிக்குத் திடீரென்று புது சக்தி முளைத்தாலும் அப்படித்தான். மந்திரத்தால் ஒரு சிக்கல் தீர்வது நமக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்றால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று நமக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும் என்பார் மாயாஜால நாவல்கள் எழுதும் பிராண்டன் சாண்டர்சன். "கடைசியில் சப்பென்று ஆகிவிட்டது" என்று எழுதத் தோன்றினால் இதை வைத்துப் பாருங்கள், அனேகமாகக் காரணம் கிடைத்துவிடும்.

ஆனால் இதைவிட எனக்குப் பிடித்த குறிப்புகள், தோட்டத்தில் வளர்ந்தவள் என்பதால் மட்டும் எனக்குத் தோன்றியவை. பாட்டி துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அதனால் எந்த அரண்மனையில் விருந்து நடந்தாலும் என் கண் சமையல்கட்டுக் கதவைத் தேடுகிறது, முப்பது பதார்த்தம் மேசைக்கு வருகிறது, யார் ஆக்கியது, அவர்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று. பனிக்காட்டில் நடக்கும் கதை என்றால் எனக்குத் தெரிந்த குளிர் கேமரன் மலைக் குளிர்தான், அதை வைத்துக்கொண்டு பனியைக் கற்பனை செய்கிறேன், அது போதவில்லை என்று தெரிந்த இடத்தையும் எழுதுகிறேன். ஒரு நாவலில் தோற்றுப்போன ராஜ்ஜியத்தைப் பிரபுக்கள் பங்கு போடுகிற ஒரு சின்ன அத்தியாயம், பெரும்பாலானவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள், நான் அங்கே அழுதுவிட்டேன். காரணம் தாத்தா. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்று, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற காலத்தைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் வேலை போன அன்றே வீடும் போய்விடும். தோட்டத் துண்டாடல் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். அப்போது எங்கள் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கி அவர்களைக் காப்பாற்றத்தான். நாவல் எழுதியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இருந்தாலும் அந்த அத்தியாயத்தைப் பற்றி நான் எழுத வேண்டியது இதுதான், மந்திரக்கோலின் பெயரையோ வரைபடத்தையோ வேறு யாரும் எழுதிவிடலாம். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும், கதை அதைத் தொட்டால் அரைப் பக்கம் கூடுதலாகவே எழுதுங்கள்.

முடித்த அன்றே நீளமாக எழுத வேண்டாம், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, ரசீதுகளை வரிசையாக அடுக்கி வைத்து எழுதுங்கள். யாரிடமாவது காட்டப் போகிறீர்கள் என்றால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதையும் "நன்றாக எழுதப்படவில்லை" என்பதையும் தனித்தனி வாக்கியமாக வையுங்கள். தொடர் எழுதுகிறவர்களில் பலர் வேலையும் வீடும் முடித்து ராத்திரியில் எழுதுகிற பெண்கள், கதையில் எங்கே தடுக்கியது என்று சொன்னால் அடுத்த எபியில் அவர்களுக்கு உதவும், ஆளைப் பற்றிப் பேசினால் காயம்தான் மிஞ்சும்.

அம்மாவுக்கு இப்போது கண் புரை, எழுத்து தெரிவதில்லை. யூடியூபில் ஆடியோ நாவல் கேட்கிறார். அப்படிக் கேட்பவர்கள் வீட்டில் இருந்தால் பக்க எண்ணுக்குப் பதில் நிமிடத்தைக் குறியுங்கள், நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து அவர்களுடைய குறிப்பை எழுதுங்கள். "கதை எப்படிம்மா" என்று கேட்காதீர்கள், "எந்த இடத்தில நிறுத்தினீங்க" என்று கேளுங்கள். நேற்று அம்மா நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் நிறுத்தியிருந்தார். "அந்தப் பிள்ளை மாமியார் வீட்டுக்குப் போய் மூணு நாளாச்சு, அவங்க அம்மாவுக்கு ஒரு போன் பண்ணல, பண்ணட்டும், அப்புறம் கேக்குறேன்" என்றார். அப்படியே எழுதி, தேதி போட்டிருக்கிறேன்.