நர்சிங் கல்லூரியில் உருப்படியான பரிசு ஒன்றை ஏற்படுத்துவது எப்படி

மே 5 சர்வதேச மகப்பேறு செவிலியர் தினம், மே 12 செவிலியர் தினம். பல கல்லூரிகளில் ஆண்டு விழாவும் இந்தச் சமயத்தை ஒட்டித்தான் வரும். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் ஸ்டாஃப் ரூமில் யாராவது "இந்த வருஷம் பெஸ்ட் ஸ்டூடண்ட் யாருக்குக் கொடுக்கலாம்?" என்று கேட்பார்கள். மார்க் லிஸ்ட் வரும், முதல் பெயரைப் படிப்பார்கள், கேடயத்துக்கு ஆர்டர் போய்விடும். பல வருஷமாக டியூட்டராக இருந்து இதைப் பார்த்துப் பார்த்து, பரிசை எப்படிக் கொடுத்தால் அதற்கு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். புதிதாகப் பரிசு ஆரம்பிக்க நினைக்கும் பிரின்சிபால், டியூட்டர், பணம் தர முன்வரும் பழைய மாணவிகள் எல்லோருக்கும் இது உதவும்.

முதல் வேலை, பரிசு எதற்கு என்பதை வருஷ ஆரம்பத்திலேயே எழுதி ஒட்டுவது. விழாவுக்கு முந்தின வாரம் முடிவு செய்தால், எவ்வளவு நியாயமாக முடிவு செய்தாலும் "அவ மேடத்துக்குச் செல்லம்" என்றுதான் ஹாஸ்டலில் பேசுவார்கள். அப்படிப் பேசுவதற்கு நாம்தான் இடம் கொடுக்கிறோம். ஒரே ஒரு பக்கம் போதும், தமிழிலும் ஆங்கிலத்திலும்: எந்தப் பரிசு, யார் போட்டியிடலாம், எதை வைத்துப் பார்ப்போம், யார் முடிவு செய்வார்கள்.

மார்க்குக்கான பரிசு வேண்டாம் என்று சொல்லவில்லை. கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளைக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த மார்க்கை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்கில் தியரிக்கு 100-க்கு 25 கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க், ப்ராக்டிகலில் பாதி நம் கையில். இன்டர்னலை எல்லோருக்கும் 22, 23 என்று போட்டுவிடுவது நம் பழக்கம், அதை வைத்து யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் பாடவாரியான பரிசுக்கு யூனிவர்சிட்டி எழுத்துத் தேர்வின் 75 மார்க்கை மட்டும் எடுங்கள், முதல் முயற்சியில் பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வையுங்கள், அத்தோடு அந்த வேலை முடிந்தது. டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளையும் பி.எஸ்சி. பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள், பாடத்திட்டமே வேறு.

கூடவே முன்னேற்றத்துக்கு ஒரு பரிசு வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளை முதல் வருஷம் அனாட்டமியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி 50-ஐ ஒட்டித் தேறுவாள், அவளே மூன்றாம் வருஷத்தில் 70-ஐத் தாண்டுவாள். முதல் வருஷ மார்க்குக்கும் மூன்றாம் வருஷ மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் போதும், ஒரு மணி நேர வேலை. அந்தப் பட்டியலில் மேலே வரும் பெயர்களைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். நர்ஸை நர்ஸாக்குவது வார்டு. அங்கே நடப்பதைப் பார்க்காமல் கொடுக்கும் 'சிறந்த மாணவி' பட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. வார்டு வேலையை நியாயமாக அளக்க ஓஸ்கி (OSCE) என்று ஒரு முறை இருக்கிறது, பிள்ளைகள் மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்துகாட்டும் தேர்வு, ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் எழுதியது, இப்போது எல்லா இடத்திலும் பழகிவிட்டது. எட்டு மேஜை போடுங்கள், மேஜைக்கு ஐந்து நிமிஷம், மாறுவதற்கு ஒரு நிமிஷம். எட்டுப் பேர் ஒரு சுற்றை முடிக்க 48 நிமிஷம் ஆகும், 24 பேரை இரண்டரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மேஜையிலும் செக்லிஸ்ட் இருக்க வேண்டும், மார்க் போடுகிறவர் அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காதவராக இருந்தால் ரொம்ப நல்லது. நோயாளியாக நடிக்க ஜூனியர்களைக் கூப்பிடுங்கள், அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

மேஜையில் என்ன வைப்பது? சின்ன விஷயம்தான் ஆளைக் காட்டும். மருந்து கொடுக்கும் முன் "லட்சுமிதானே?" என்று கேட்பவளும் இருக்கிறாள், "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்பவளும் இருக்கிறாள். அரைமயக்கத்தில் இருப்பவர் முதல் கேள்விக்குச் சும்மா தலையாட்டிவிடுவார், மருந்து ஆள் மாறிப்போகும். பிரசவம் முடிந்த தாயைப் பார்க்கும் மேஜையில், நாப்கினை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறாளா, இல்லை இடுப்புக்கு அடியில் கையை விட்டு ரத்தம் அங்கே வடிந்து தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்கிறாளா, வயிற்றைத் தொட்டு கர்ப்பப்பை கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்கிறாளா என்று கவனியுங்கள். ஒரு மேஜையில் முழுக்கத் தமிழ் மட்டும்: தாய்ப்பால் கொடுப்பது பற்றி, முதல் குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்குப் புரியும்படி ஐந்து நிமிஷம் பேச வேண்டும், பாடப் புத்தகச் சொல் ஒன்றுகூட வரக்கூடாது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் பலர் இதில்தான் தடுமாறுவார்கள்.

ஆனால் ஓஸ்கி ஒரு நாள் கூத்து. அன்றைக்கு எல்லோரும் நன்றாகவே நடந்துகொள்வார்கள். அதனால் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களிடமும் கேட்க வேண்டும், அதையும் அந்த வார்டில் பிள்ளைகளின் போஸ்டிங் முடிகிற அன்றைக்கே கேட்க வேண்டும். வருஷக் கடைசியில் கேட்டால் அவருக்கு நினைவிருப்பது நன்றாகப் பேசுகிற நாலு பெயர்தான். பத்துப் பக்க ஃபார்ம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் 'குட்' என்று டிக் அடித்துத் திருப்பிக் கொடுப்பார், பாவம், அவருக்கு நேரமில்லை. மூன்று கேள்வி போதும். யாரும் சொல்லாமலே சந்தேகப்பட்டு பி.பி.யைத் திரும்பப் பார்த்தது உண்டா? தப்பு செய்தபோது தானே வந்து சொன்னாளா? நோயாளியோ கூட இருப்பவரோ பெயர் சொல்லிக் கேட்டது உண்டா? இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' வாங்கும் பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கூடுதல் மார்க் போடுவேன்.

மகப்பேறுக்குக் கட்டாயம் தனிப் பரிசு வேண்டும். சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு 1854-லேயே அனுமதி கொடுத்தது, அரசுப் பொது மருத்துவமனையில் நர்சிங் பள்ளி வந்தது 1871-ல்தான். இவ்வளவு பழைய தொழில் இன்றைக்குப் பல பாடங்களில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. தனிப் பரிசு வைத்தால் அதன் மேல் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிடிப்பாவது வரும்.

இந்தப் பரிசுக்கு லாக் புக்கில், அதாவது பிள்ளைகள் செய்த வேலையைக் குறித்துவைக்கும் நோட்டில், இருக்கும் பிரசவ எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். கூட்டமான அரசு மருத்துவமனையில் நைட் டியூட்டி கிடைத்தவளுக்கு எண்ணிக்கை தானாக ஏறும். பையன்களை லேபர் வார்டு வாசலிலேயே நிறுத்திவைக்கிற இடங்களும் உண்டு, அது அவர்கள் குற்றமில்லை. பிரசவ வலி எப்படிப் போகிறது என்று குறித்துவைக்கும் பார்ட்டோகிராஃபைப் பாருங்கள். குழந்தையின் இதயத்துடிப்பும் வலியும் அரை மணிக்கு ஒரு தடவை, கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று குறிக்க வேண்டிய தாள் அது. எல்லாம் முடிந்தபிறகு உட்கார்ந்து நிரப்பிய தாள் பார்த்தாலே தெரியும்: ஒரே பேனா, ஒரே சாய்வு, அரை மணிக்கு அரை மணி அச்சுப்பிசகாத புள்ளிகள், கசங்கல் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஒரு பிள்ளையின் தாள் என் கைக்கு வந்தது. ஓரத்தில் அயோடின் கறை. விடிகாலை 3 மணிக்கு இதயத்துடிப்பு 136. அடுத்த புள்ளி 3.30-க்கு வர வேண்டும், ஆனால் 3.10-க்கே ஒன்று இருந்தது, 104. பக்கத்தில் பொடி எழுத்தில் "வலி விட்டபிறகும் கேட்டேன், சிஸ்டரிடம் சொன்னேன்". அதற்குக் கீழே 3.20, டாக்டர் வந்தார். 110-க்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நேரம் ஆவதற்கு முன்பே காதை வைத்துக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வகுப்பில் அவள் 11-வது ரேங்க். அந்த வருஷம் அவளுக்கு ஒரு பரிசும் கிடைக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

முடிவெடுக்க மூன்று பேர் போதும்: கல்லூரியிலிருந்து ஒருவர், மருத்துவமனையிலிருந்து ஒருவர், வெளியிலிருந்து ஒருவர். சொந்தக்காரப் பிள்ளை போட்டியில் இருந்தால் அந்த வருஷம் விலகிக்கொள்ள வேண்டும். காரணத்தை அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வையுங்கள், பெற்றோர் வந்து கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

பணம்? ஒரு லட்சம் ரூபாயை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால் 7 சதவீத வட்டியில் வருஷத்துக்கு ₹7,000 வரும். ஐந்தாயிரத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாயிரத்தை முதலோடு சேர்த்துவிடுங்கள், வட்டி குறைகிற வருஷத்திலும் பரிசு நிற்காது. அம்மா பெயரிலோ பாட்டி பெயரிலோ பரிசு வைக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வைக்கட்டும், ஆனால் யாருக்கு என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். பெரிய கேடயத்துக்குப் பதிலாகப் பணத்தை அவள் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். கடைசி வருஷப் பிள்ளைக்குக் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யும் கட்டணம், நல்ல ஸ்டெதஸ்கோப், நொடி முள் உள்ள கைக்கடிகாரம் என்று செலவு வரிசையாகக் காத்திருக்கும்.

மேடையில் பெயரை மட்டும் வாசிக்காதீர்கள். அவள் என்ன செய்தாள் என்று மூன்று வரி தமிழில் சொல்லுங்கள், கீழே உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அதுதான் புரியும். அவர்களை ஒரு வாரம் முன்பே கூப்பிட்டுவிடுங்கள், பரிசளிப்பைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குக் கடைசி பஸ் போய்விடுமோ என்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே கைதட்டும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது.

அப்புறம் சான்றிதழ். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டிவரும். 'சிறந்த மாணவி' என்று மொட்டையாக எழுதாமல், எந்த வருஷம், எத்தனை பேரில், எதற்காக என்று ஒரு வரி சேர்த்து, பிரின்சிபால் கையெழுத்தோடு அந்த வார்டு சிஸ்டரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.